சறுக்கப் போய்ச் சாப்பிட்ட கதை

கனடாவில் இருந்துகொண்டு பனிக்காக விமானம் ஏறியவர்கள் நாங்கள். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும். ஆனால் பக்கத்து வீட்டு அன்ரி சிரிக்கவில்லை, உண்மையாகவே கவலைப்பட்டார். வாசலில் கிடப்பதை அள்ளவே ஆளைக் காணோம், காசையும் கொடுத்து இன்னொரு நாட்டுப் பனியில் போய் விழப் போகிறீர்களா, உங்களுக்கென்ன விசரா என்று வேலிக்கு மேலால் கேட்டார். அவர் கையில் பனி அள்ளும் சவள் இருந்தது. என் கையிலும்தான்.

நான் ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். இருபது வருடத்துக்கு மேலாக ஓட்டுகிறேன், வருகிற ஆனியோடு ஓய்வு. பனி எனக்கு எதிரி. சில வருடங்களுக்கு முன்னர் ஒரு தை மாதக் காலை, ஆற்றுப் பக்கம் இறங்கும் சரிவான தெருவொன்றில், பஸ் நிறையப் பிள்ளைகளோடு வழுக்கினேன். பிரேக்கைத் தொடவில்லை, தொடக்கூடாது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பிள்ளையாரை மட்டும் கூப்பிட்டேன். பஸ் ஒரு பக்கமாகத் திரும்பி, ஆறுதலாக, ஊர்வலம் போவதுபோல் கீழே போய், ஒரு பனிக்குவியலில் சாய்ந்து நின்றது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. எனக்குக் கால் இரண்டும் நடுங்கியது. திரும்பிப் பார்த்தால், அத்தனை பிள்ளைகளும் கை தட்டிக்கொண்டு, "மிஸ், இன்னொருக்கா! இன்னொருக்கா!" என்று கத்துகிறார்கள்.

அன்றிலிருந்து பனி கொட்டும் நாட்களுக்கு முதல் நாள் எனக்கு நித்திரை இல்லை. அதோடு சொல்ல வெட்கமான ஒரு பொறாமையும் வந்துவிட்டது. ஒரே பஸ், ஒரே வழுக்கல். நான் செத்துப் பிழைத்தேன், அதுகள் கை தட்டின. அதுகளுக்கு என்னதான் இருந்தது அதில்? ஓய்வு எடுப்பதற்கு முன்னர் ஒரேயொரு தடவை நானாக விரும்பி வழுக்கிப் பார்த்துவிட வேண்டும் என்று மகள் துளசியிடம் சொன்னேன். அவள் சிரிக்காமல் லப்டொப்பைத் திறந்தாள். பெற்ற பலன் அன்றுதான் தெரிந்தது.

ஒன்ராரியோவில் இல்லாத மலையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அங்கே நான் ஏற்றி இறக்கிய பிள்ளைகளும் இருக்கும். "மிஸ் விழுந்திட்டா" என்று அதுகள் பார்க்க விழ எனக்கு விருப்பமில்லை. கனடாவின் மேற்குப் பக்கத்து மலைகளுக்கு விலை கேட்டோம், வாயை மூடிக்கொண்டு திரும்பினோம். கடைசியில் துளசிதான் கண்டுபிடித்தாள்: ஒஸ்திரியாவில், சுவிஸ் எல்லைக்குக் கிட்ட, பெரிய பெயர் எடுக்காத ஒரு சின்ன மலையூர். ஊரின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த வருடம் பாதி ஸ்காபரோ அங்கே நிற்கும், விலையும் ஏறிவிடும்.

எங்கள் குசினியில் கூட்டம் நடந்தது. நானும் கணவர் குணமும் துளசியும். பிக்கரிங்கிலிருந்து யூட் அண்ணையும் அவர் மனைவி ஜெசிந்தாவும். யூனியன்வில்லிலிருந்து என் சிநேகிதி நந்தினியும் அவள் கணவரும். அந்த மனிதர் பயணம் முழுவதும் கதைத்தது சொற்பம், ஆகவே பெயர் தேவையில்லை. ஹோட்டல் வேண்டாம், குசினியுள்ள ஒரு பெரிய வீடு போதும் என்று முடிவானது. பழகுகிறவர்களுக்கு மலை முழுவதற்குமான ரிக்கெற் எதற்கு, அடிவாரத்துச் சின்னச் சரிவுக்கு மட்டும் எடுத்தால் போதும் என்றாள் துளசி. ஸ்கீயும் சப்பாத்தும் அங்கே வாடகைக்கு. உடுப்பு, வாசலில் பனி அள்ளும்போது போடும் அதே உடுப்பு. சமையல் முறை வைத்து நாங்களே. யூட் அண்ணை றைஸ் குக்கரைத் தன் பெட்டியில் வைப்பதாக ஏற்றுக்கொண்டார். எனக்கு லீவு பள்ளிக்கூடம் மூடும் மார்ச் பிரேக்கில்தான், அந்தக் கிழமை அங்கே விலையும் இறங்கியிருந்தது.

எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. விமானம் இறங்குவது சூரிச்சில்.

இதை விளக்கத்தான் வேண்டும். சுவிஸில் எங்களுக்குள்ள சொந்தத்தைக் கூட்டினால் ஒரு கல்யாண மண்டபம் கொள்ளாது. ஒரு வீட்டுக்குப் போனால் மற்ற வீட்டுக்கும் போக வேண்டும், போகாவிட்டால் பரம்பரைக் கோபம். ஒரு வீடு என்றால் ஒரு நாள். இருப்பதோ ஒரு கிழமைகூட இல்லை. ஆகவே யாருக்கும் சொல்வதில்லை, படம் போடுவதில்லை, சத்தமில்லாமல் இறங்கி சத்தமில்லாமல் எல்லை தாண்டுவது என்று தீர்மானித்தோம்.

பயமெல்லாம் என் கணவரைப் பற்றித்தான். தமிழ் முகம் ஒன்றைக் கண்டால் "எந்த ஊர்" என்று கேட்காமல் அவருக்கு இருக்க முடியாது. மார்க்கம் வீதியில் சிவப்பு விளக்கில் நின்றபோது, பக்கத்துக் காரின் கண்ணாடியை இறக்கச் சொல்லிக் கேட்டவர் அவர்.

"அப்பா, சூரிச்சிலை நீங்கள் ஒருத்தரிட்டையும் எந்த ஊர் எண்டு கேக்கக்கூடாது," என்றாள் துளசி. "ப்ரொமிஸ் பண்ணுங்கோ. திஸ் இஸ் ஃபோர் அம்மா."

"எனக்கென்ன விசரோ," என்றார் அவர்.

சனிக்கிழமை காலை சூரிச்சில் இறங்கினோம். கண்ணாடிபோல ஒரு விமான நிலையம், ஒருவரும் ஒருவரையும் இடிக்கவில்லை. பெட்டி வரும் பட்டியைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் இவர் கழிப்பறைக்குப் போனார். போனவர் வரவில்லை. தேடிப் போனால், தள்ளுவண்டிகளைச் சேர்த்துக்கொண்டிருந்த ஒரு தமிழ்த் தம்பியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். வழிதான் கேட்டாராம். தம்பி தமிழிலேயே வழி சொன்னாராம். நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் மரியாதையில்லை என்றபடியால் ஊரைக் கேட்டாராம். தம்பிக்கு எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். தம்பியின் மனைவி சென்காலன் நகரில் ஓர் உடுப்புத் தோய்க்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அவளுக்குப் பக்கத்து மெசினில் நிற்பது ராசமணி அக்கா.

ராசமணி என் கணவரின் பெரியப்பா மகள், எனக்கு மச்சாள். இவர்களின் குடும்பத்தில் மூத்தவர். சுவிஸ் சொந்தங்களுக்கெல்லாம் தலைமை அவர்தான்.

எங்கள் பெட்டிகள் பட்டியில் வருவதற்கு முன்னரே மச்சாளின் அழைப்பு வந்துவிட்டது. இவர் தொலைபேசியைக் காதில் வைத்தார். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"சுவிசுக்கை நிக்கிறியளாம். ஓம், வாங்கோ, போங்கோ. நாங்கள் உங்களுக்கு ஆர்? றோட்டாலை போற சனம்தானே."

வைத்துவிட்டார். மச்சாள் இவரை எப்போதும் "டேய்" என்றுதான் கூப்பிடுவார். "வாங்கோ, போங்கோ" என்றால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். துளசி தகப்பனைப் பார்த்த பார்வையை நான் எழுதவில்லை.

மாலை வெளிச்சத்தில் மலையூருக்கு வந்து சேர்ந்தபோது அந்தக் கவலையெல்லாம் மறந்துபோனது, அதையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் பனி விழுந்த மூன்றாம் நாள் உப்பும் சேறும் சேர்ந்து கறுத்துப்போகும். இங்கே உப்புப் போடவில்லை. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அதிலும் அதிசயம், சனங்கள் பனிக்கு நடுவே கதிரை போட்டு, முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு பியர் குடித்தார்கள். ரொறன்ரோவில் குளிர்காலத்தில் வெளியே கதிரையைக் கண்டால் அது யாரோ தங்கள் கார் நிறுத்தும் இடத்தைப் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று பொருள். வீட்டுக்காரம்மா அப்பிள் வைத்துச் சுட்ட சூடான பேஸ்ற்றி ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து தந்தார். காலை ஒன்பது மணிக்கு வகுப்பு, சரிவு எங்கள் யன்னலிலேயே தெரிகிறது. நான் கையுறையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

ஞாயிறு காலை கதவைத் திறந்தால் வாசலில் யோகன் நிற்கிறான். இவரின் சித்தி மகன், எல்லைக்கு அந்தப் பக்கம் வீடு. இரவே இவரிடம் விலாசம் கேட்டுக்கொண்டு, விடியற்புறம் எழும்பி வான் ஓட்டி வந்திருக்கிறான், வானுக்குள் பிள்ளைகளின் புத்தகப் பைகளை எடுத்து இடம் பண்ணியும் வைத்திருக்கிறான்.

"அரை மணித்தியாலம் இருந்திட்டு வாங்கோ அண்ணி. அவள் இடியப்பம் அவிச்சு வைச்சிருக்கிறாள்."

வாசலில் வந்து நிற்பவனிடம் எப்படி முடியாது என்பது? துளசியும் நந்தினி வீட்டாரும் சரிவுக்குப் போனார்கள். நாங்கள் வானில் ஏறினோம். யூட் அண்ணையும் ஜெசிந்தாவும் எங்களுக்காக முகம் சுழிக்காமல் வந்தார்கள்.

இடியப்பம், சொதி, கணவாய்க் கறி, ஆட்டுக்கறி, கத்தரிக்காய்ப் பொரியல், சம்பல். "இன்னும் ஒண்டு வையுங்கோ" என்று தட்டுக்கு மேலால் கை வந்துகொண்டே இருந்தது. பிறகு தேநீரும் றோல்ஸும். பிறகு கோயில். பிறகு, இவ்வளவு தூரம் வந்துவிட்டு எட்டிப்பார்க்காமல் போனால் கோவிப்பார்கள் என்று இன்னொரு வீடு, அங்கே புட்டு. திரும்பி வந்தபோது சரிவில் விளக்கையும் அணைத்துவிட்டார்கள். வீட்டுக்காரம்மா சிரித்த முகத்தோடு, ஸ்கீ எப்படியிருந்தது என்று கேட்டார். நல்ல ருசி என்று வாயில் வந்துவிட்டது.

ஒன்றை மட்டும் கவனித்தேன். போன வீடுகளிலெல்லாம் கேட்டேன், நீங்கள் ஸ்கீ பழகவில்லையா என்று. முப்பது வருடம் மலைக்குக் கீழே இருக்கிறவர்கள். எங்களுக்கு எங்கே நேரம், சனி ஞாயிறும் வேலை என்றார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடமே வருடா வருடம் கூட்டிப்போகிறதாம். சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்து, பஸ்ஸுக்குக் கை காட்டிவிட்டு இவர்கள் வேலைக்குப் போகிறார்கள். நான் ஏற்றிப்போகும் பிள்ளைகளின் தாய் தகப்பனும் அப்படித்தான், தெருமுனையில் நின்று கை காட்டுவார்கள்.

திங்கட்கிழமை ஜெசிந்தாவின் முறை. அவள் ஞானஸ்நானத்தில் தூக்கிய பிள்ளை லுசேர்னில் கல்யாணம் முடித்திருக்கிறாள். நேற்று எங்கள் பக்கத்துச் சொந்தத்துக்கு வந்தவளை, இன்று நீயே தனியே போ என்று விட மனம் வரவில்லை. ரயிலில் போனோம். ஏரி, பாலம், அன்னங்கள். நண்டுக்கறி. திரும்பும்போது மடியில் ஆளுக்கொரு சாப்பாட்டுப் பெட்டி. ரயிலில் எதிரே இருந்த ஒரு சின்னப் பெண் தாயின் காதில் ஏதோ கேட்டாள். கூட வந்த ஞானமகள் சிரித்துக்கொண்டே எங்களுக்கு மொழிபெயர்த்தாள்: "இவர்கள் எல்லாரும் கல்யாணத்துக்குப் போகிறார்களா அம்மா?"

றைஸ் குக்கர் பெட்டியை விட்டு வெளியே வரவேயில்லை.

செவ்வாய்க்கிழமை ஒருவரும் வரவில்லை. வாசலை இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வெளிக்கிட்டேன். ஸ்கீச் சப்பாத்து ஒரு தண்டனை. காலை உள்ளே விட்டால் குதிகால் இறங்காது, இறங்கினால் வெளியே வராது. யூட் அண்ணை என் காலைப் பிடித்துத் தள்ள, ஜெசிந்தா என்னைப் பின்னால் பிடிக்க, கடைக்காரப் பெடியன் தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். போட்ட பின் நடை, குழந்தை பெற்று மூன்றாம் நாள் நடப்பதுபோல் இருந்தது.

பழக்குகிறவள் அன்னா என்ற கன்னம் சிவந்த பெண். சரிவுக்கு மேலே போக, தரையோடு ஓடும் ஒரு பட்டி இருக்கிறது, விமான நிலையத்துப் பெட்டிகள்போல அதில் ஏறி நிற்க வேண்டும். கீழே வரும்போது நிற்பதற்கு, ஸ்கீக்களின் முன் நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்ட வேண்டும். "பீட்சாத் துண்டு மாதிரி," என்றாள். இரண்டு நாள் தின்றது போதாது என்று இங்கே பிரேக்கும் சாப்பாடுதான். சமதரையில் பீட்சா பழகினோம். நான் மூன்று தரம் விழுந்தேன், நின்ற இடத்திலேயே. இனி மேலே போகலாம் என்று அன்னா கை காட்டிய நேரம், மலையிலிருந்து வெள்ளைப் புகைபோலப் புகார் இறங்கியது. ஐந்து நிமிடத்தில் எனக்கு என் ஸ்கீயே தெரியவில்லை. காற்றும் பனியும் தொடங்க, பட்டியை நிறுத்தி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. அழுதேன், முகத்தை மூடிய ஸ்கீக் கண்ணாடிக்குள் ஒருவருக்கும் தெரியவில்லை.

புதன்கிழமை காலை இவர் சாப்பிடாமல் இருந்தார். யோகன் வீட்டுக்குப் போய்விட்டு மூத்த அக்கா வீட்டுக்குப் போகாதது இவருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. மத்தியானம் வருகிறோம் என்று தொலைபேசியில் சொன்னார். மச்சாள் "ம்" என்றாராம். அந்த "ம்" போதும், அரைக் கோபம் இறங்கிவிட்டது என்று இவருக்குச் சந்தோஷம். நாளைக்கு ஒரு நாள் மிச்சமிருக்கிறதே, இன்றைக்கு மச்சாள், நாளைக்கு மலை என்று நானும் கிளம்பினேன்.

பஸ் நிறுத்தத்தில் இரண்டு பஸ்கள் ஒன்றின் பின் ஒன்றாக நின்றன. இவர் பின்னால் நின்றதைக் காட்டினார். நான் முன்னால் நின்றதில் ஏறினேன். ஒருக்கால் விசாரிப்போமே என்றார்.

"இருபது வருசமா பஸ்ஸிலை சீவிக்கிறன்," என்றேன். "எனக்கு நீங்கள் பஸ் காட்டாதேங்கோ."

பஸ் கீழே போகாமல் மேலே ஏறியபோது எனக்கு விளங்கிவிட்டது. சொல்ல வாய் வரவில்லை. சாரதிக்குப் பின்னால் இருந்த இருக்கையில் இருந்துகொண்டு அவர் கைகளையே பார்த்தேன். ஊசி வளைவு, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. சக்கரத்துக்குச் சங்கிலி. அந்த மனிதர் ஸ்டியரிங்கைச் சட்டியில் மா குழைப்பதுபோல் ஆறுதலாகச் சுற்றினார். என் வலது கால் என்னையறியாமல் இல்லாத பிரேக்கை மிதித்தது. அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார். நீங்களும் சாரதியா என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டார். ஓம், பள்ளிக்கூட பஸ், ரொறன்ரோ என்றேன்.

பஸ் பாதை முடிகிற இடத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையும் ஒரு தேவாலயமும். முதல் நாள் கொட்டிய பனி சரிந்து விழக்கூடும் என்று எங்களுக்குப் பின்னால் பாதையை மூடிவிட்டார்கள். தொலைபேசியில் ஒரு சிக்னல் கோடுகூட இல்லை. கடைத் தொலைபேசியின் கம்பியையும் முதல் நாள் பனி அறுத்திருந்தது. இவர் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். சாரதி எங்களைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். தெளிந்த சூப்பில் பாண் மாவுருண்டை மிதந்தது, கொழுக்கட்டையைச் சொதியில் போட்டது மாதிரி. நன்றாகத்தான் இருந்தது.

பஸ்காரருக்குப் பஸ்காரர் கதைக்க மொழி தேவையில்லை. பஸ்ஸின் பின்சில்லு வழுக்கினால் என்ன செய்வாய் என்று கையால் கேட்டார். நானும் கையால் காட்டினேன். அதையேதான் அவரும் செய்வாராம். பயம் இல்லையா என்றேன். ஒவ்வொரு முறையும் பயம்தான் என்றார். அவரும் வேலையில்லாத நாட்களில் ஸ்கீயில் சறுக்குகிறவராம். அது ஏன் என்றால், "அதில் பின்னால் ஒருவரும் இல்லை, நான் மட்டும்தான்," என்றார். நீங்கள் எத்தனை நாள் சறுக்கினீர்கள் என்று கேட்டார். சனிக்கிழமையிலிருந்து சாப்பிடுகிறேன் என்றேன். மேசையில் அடித்துச் சிரித்தார்.

பாதை திறந்து வீட்டுக்கு வரும்போது இருட்டிவிட்டது. யோகனுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டோம். மச்சாள் வேலைக்கு லீவு போட்டு, எங்கள் எல்லாருக்குமாகச் சமைத்து, வாழையிலைகூட வாங்கி வைத்திருந்தாராம். பின்னேரம் வரை யன்னலடியில் இருந்துவிட்டு, சட்டிகளை மூடினாராம். இவர் எடுத்தார், மச்சாள் தூக்கவில்லை. மறுபடி எடுத்தார், தூக்கவில்லை.

"நாளைக்கு விடிய முதல் வேலை அக்கா வீடு," என்றார் இவர். "காலிலை விழுந்தாவது மன்னிப்புக் கேக்க வேணும்."

"அப்பா, நாளைக்குக் கடைசி நாள்," என்றாள் துளசி. "அம்மா இன்னும் ஒரு தரம்கூடச் சறுக்கேல்லை. ஹவ் இஸ் தற் ஃபெயர்?"

ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. இவர் சொன்னதில் பிழையில்லை. வாழையிலை வாங்கி வைத்துக் காத்திருந்த மனுஷி. அந்த பஸ்ஸில் ஏற்றியதும் நான்தான். ஆனால் நான் கேட்டதும் ஒரேயொரு சறுக்கல்தான். இதற்காகத்தான் வந்தேன், இனி வரப்போவதில்லை. நான் என் தொலைபேசியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

என் அழைப்பை மச்சாள் தூக்கினார். ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

பிழையான பஸ்ஸைச் சொன்னேன். அது என் பிழை, உங்கள் தம்பியில் கோவிக்க வேண்டாம் என்றேன். பிறகு, ஏன் வந்தேன் என்பதைச் சொன்னேன். அந்தத் தை மாதக் காலை, சரிவு, பிள்ளைகள், வழுக்கல் எல்லாவற்றையும். பிரேக்கைத் தொடாமல் கீழே போன அந்த நேரம் முழுவதையும் சொன்னேன். இவருக்கே அவ்வளவு விரிவாகச் சொன்னதில்லை.

"அந்தப் பிள்ளையளுக்கு ஒண்டும் நடக்கேல்லையே?" என்றார் மச்சாள்.

"இல்லை மச்சாள். கை தட்டினதுகள். இன்னொருக்கா எண்டு கேட்டதுகள். அது என்னெண்டு பாக்கத்தான் வந்தனான்."

அந்தப் பக்கம் சட்டி மூடியொன்று திறக்கும் சத்தம் கேட்டது.

"சரி. வையும்," என்றார்.

அது என்ன சரி என்று எனக்கு விளங்கவில்லை. வெளியே வந்து, நாளைக்கு நான் மலைக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். காலையில் என் சப்பாத்தை மாட்டிவிட்டது இவர்தான்.

வியாழக்கிழமை வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது. பட்டியில் ஏறி நின்றேன். எனக்கு முன்னால் நாலு வயதுக் குட்டிகள், பின்னால் துளசியும் அன்னாவும். உச்சியில் இறங்கிக் கீழே பார்த்தேன். கீழேயிருந்து பார்த்தபோது எங்கள் வீட்டுக் கார் ஏறும் சரிவு மாதிரித் தெரிந்தது. மேலேயிருந்து பார்த்தால் அந்த ஆற்றுப் பக்கத்துத் தெருவேதான். கால் நடுங்கத் தொடங்கியது, அதே நடுக்கம். நான் திரும்பிப் போகிறேன் என்று துளசியிடம் சொன்னேன். பட்டி மேலே மட்டும்தான் வரும் அம்மா என்றாள்.

அப்போதுதான் கீழே கார் நிறுத்துமிடத்தில் இரண்டு வான்கள் வந்து நின்றன. கதவுகள் திறந்தன. யோகன், அவன் மனைவி, பிள்ளைகள், சூரிச் விமான நிலையத்துத் தம்பிகூட இறங்கினார். ஆளுக்கொரு சட்டி, ஆளுக்கொரு பெட்டி. எல்லாருக்கும் முன்னால் நீளக் குளிர்க்கோட்டும் கம்பளித் தொப்பியுமாக, வாழையிலைச் சுருளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ராசமணி மச்சாள். சரிவின் அடியில் வந்து நின்று, நெற்றியில் கையை வைத்து மேலே பார்த்தார்.

அன்னா என் முதுகில் மெதுவாகத் தட்டினாள். போனேன்.

முதல் கொஞ்சத் தூரம் உடம்பு முழுக்க பிரேக்கைத் தேடியது. பிறகு சாரதி சொன்னது ஞாபகம் வந்தது. பின்னால் ஒருவரும் இல்லை. எண்ணிப் பார்க்க ஒரு தலையும் இல்லை, பதில் சொல்ல ஒரு தாயும் இல்லை. நான் மட்டும்தான். நினைத்தவுடன் அடிவயிற்றில் ஏதோ ஒன்று எழும்பியது, ஊஞ்சல் பின்னால் போய்த் திரும்புகிற இடத்தில் வருமே, அது. காற்று முகத்தில் அடித்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அட, இதற்குத்தான் அதுகள் கை தட்டினதுகளா? என் சின்னக் குஞ்சுகளே, இதற்குத்தானா?

சிரிப்பில் பீட்சாவை மறந்துபோனேன். கீழே எங்கள் ஆட்கள் எல்லாரும், "பீட்சா! பீட்சா!" என்று கத்தினார்கள். புட்டு அவித்துக் கொண்டுவந்தவருக்கு அதைக் கேட்க எவ்வளவு கோபம் வந்தது என்று பிறகு மச்சாளே சொன்னார். அப்போது அவர் இலைச் சுருளைப் பனியில் போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முன்னால் வந்தார். நான் நேரே போய் அவரில் மோதினேன். இரண்டு பேருமாகப் பனியில் விழுந்தோம். தொப்பி ஒரு பக்கம், என் ஸ்கீ ஒரு பக்கம்.

"மச்சாள், அடிபட்டுதோ?"

"வீட்டை வாறன் எண்டு சொன்னாய், வரேல்லை," என்றார் மல்லாக்கக் கிடந்தபடியே. "பரவாயில்லை. மடியிலை வந்து விழுந்திட்டாய்."

மனுஷி "நீ" என்று கூப்பிட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் தொப்பியைத் தட்டித் தலையில் வைத்துவிட்டு எழும்பினேன். மேலே பார்த்தேன்.

"இன்னொருக்கா போகப்போறன்," என்றேன்.

"சாப்பிட்டிட்டுப் போ," என்றார் மச்சாள்.

சரிவடியில் கிடந்த நீண்ட மரவாங்குகளில் வாழையிலை விரித்தார்கள். புட்டு, ஆட்டுக்கறி, பொரித்த மீன், முட்டை. எல்லாம் துணி சுற்றிச் சூடாகவே இருந்தன. அன்னாவுக்கும் ஓர் இலை. உறைப்பில் அவள் பனியை அள்ளி வாயில் போட்டாள். இவர் ஒரு சட்டியைச் சுமந்துகொண்டு அக்காவின் பின்னால் திரிந்தார். "டேய், அங்கை வை" என்று மச்சாள் சொல்ல, இவர் முகம் மலர்ந்ததை ஸ்காபரோவில் ஒருவருக்கும் சொல்லி விளங்கப்படுத்த முடியாது.

கை கழுவியதும் நான் பட்டியை நோக்கி நடந்தேன். பின்னால் காலடிச் சத்தம். யோகனின் கடைசி மகளின் பிளாஸ்டிக் சறுக்குத் தட்டைக் கையில் தூக்கிக்கொண்டு மச்சாள் வருகிறார். நீங்கள் எங்கே என்று கேட்டேன். முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்து மலைக்கு அனுப்பியிருக்கிறேன், அதுகள் அங்கே என்னதான் செய்ததுகள் என்று நானும் பார்க்கிறேன் என்றார்.

உச்சியில் அவர் தட்டில் ஏறி இருந்துகொண்டு, குளிர்க்கோட்டை முழங்காலுக்குள் செருகிக்கொண்டார். நான் பக்கத்தில் ஸ்கீயில் நின்றேன். இந்த முறை பீட்சா ஞாபகம் இருந்தது. பாதி வழியில் மச்சாள் என்னை முந்திக்கொண்டு போனார். வாயைத் திறந்து ஏதோ கத்தினார், சத்தம் காற்றோடு போய்விட்டது. கீழே சனத்தைப் பிளந்துகொண்டு போய், எங்கள் சாப்பாட்டு வாங்கில் முட்டி நின்றார்.

நான் வந்து சேர்ந்தபோது முகமெல்லாம் பனி, மூக்குக்கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. யோகன் தூக்கிவிடக் கை நீட்டினான். மச்சாள் அந்தக் கையைத் தட்டிவிட்டார், எழும்புகிற எண்ணமே இல்லை.

"இன்னொருக்கா," என்றார்.